கடை வேலையில் இருப்பவருக்கு வாரம் மூன்று நாள் ஜிம் போதுமா?

கேள்வி: வயது 36. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் காலை 9:30 முதல் இரவு 9 வரை நின்றபடி வேலை. ஜிம் மாஸ்டர் ஆறு நாள் அட்டவணை எழுதிக் கொடுத்திருக்கிறார். என்னால் மூன்று நாள்தான் போக முடிகிறது. உடம்பு ஏறுமா, இல்லை கட்டிய பணம் வீண்தானா?

ஏறும். மூன்று நாள் தாராளம். ஆனால் அந்த ஆறு நாள் அட்டவணையை வைத்துக்கொண்டு மூன்று நாள் மட்டும் போனால் ஏறாது. மாற்ற வேண்டியது அட்டவணையை.

உங்கள் மாஸ்டர் எழுதிக் கொடுத்தது என்னவாக இருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம். திங்கள் செஸ்ட், செவ்வாய் விங்ஸ் (முதுகு), புதன் ஷோல்டர், வியாழன் பைசெப்ஸ், வெள்ளி ட்ரைசெப்ஸ், சனி லெக். ஊரில் முக்கால்வாசி ஜிம்மில் இதுதான். அதனால்தான் திங்கட்கிழமை படுத்தபடி எடை தூக்கும் பென்ச் பிரஸ்ஸுக்குக் கூட்டம் நிற்கிறது, சனிக்கிழமை எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட் ஸ்டாண்டில் துண்டு காய்கிறது. மாஸ்டரைக் குறை சொல்லவில்லை. பல மாஸ்டர்கள் ஆணழகன் போட்டி மேடையிலிருந்து வந்தவர்கள். ஒவ்வொரு தசைக்கும் நிறைய செட் போட வேண்டிய ஆளுக்கு அந்தப் பிரிப்பு சரி. பில் போட்டு, துணி மடித்து, இரவு பத்து மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு அது பொருந்தாது.

காரணம் எளிது. எடை தூக்கிய பிறகு தசை தன்னைச் செப்பனிட்டு வளர்த்துக்கொள்ளும் வேலை ஒன்றிரண்டு நாள் மும்முரமாக நடக்கும், அப்புறம் அடங்கிவிடும். ஆறு நாள் பிரிப்பில் ஒரு நாளைத் தவறவிட்டால் அந்தத் தசைக்கு அடுத்த வாய்ப்பு மறு வாரம்தான். நீங்கள் திங்கள், புதன், வெள்ளி போகிறவர் என்றால் காலுக்கும் முதுகுக்கும் முறையே வராது. நம் ஊரில் நாள் தவறுவதற்குக் காரணமா இல்லை? முகூர்த்த நாள், காதுகுத்து, சித்திரைத் தேரோட்டத்தில் மாசி வீதிகள் அடைபடுவது, தீபாவளி சீசனில் கடை மூட நள்ளிரவு ஆவது. நாள் தவறும் என்பதையும் கணக்கில் சேர்த்துப் போட்ட அட்டவணைதான் நமக்கு நிற்கும்.

ஆகவே போகிற ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் வேலை கொடுங்கள். இரண்டே வகை நாள். முதல் வகையில் ஸ்குவாட், பென்ச் பிரஸ், எடையை உடம்பை நோக்கி இழுக்கும் ரோயிங். இரண்டாவதில் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட், தலைக்கு மேல் தூக்கும் ஷோல்டர் பிரஸ், மேலிருந்து கீழே இழுக்கும் புல்-டவுன். இதையே மாற்றி மாற்றிச் செய்துகொண்டு போக வேண்டியதுதான். வார்ம்-அப் போக ஒவ்வொன்றும் மூன்று செட், செட்டுக்கு 8 முதல் 12 கவுண்ட் (அதாவது நிறுத்தாமல் அத்தனை முறை தூக்கி இறக்குவது), நடுவில் இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு. டெட்லிஃப்ட்டுக்கு மட்டும் இரண்டு செட் போதும். கடைசியில் நேரம் இருந்தால் பைசெப்ஸ் போடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு நாள் தவறினாலும் எந்தத் தசையும் பட்டினி கிடக்காது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே பெரியவர்களுக்குத் தசைப் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும் என்றுதான் சொல்கிறது. நீங்கள் அதைத் தாண்டித்தான் நிற்கிறீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஜிம்முக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் போன வாரம் எத்தனை கிலோ போட்டோம் என்பதை மறந்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆண்டுக்கணக்கில் அதே எடை, அதே பத்து கவுண்ட். உடம்பு ஏற வேண்டுமானால் சுமை கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயம்பட்ட வீரர்களுக்குப் பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற அளவு கனத்தைக் கொடுத்து, தாங்கத் தாங்க அதை ஏற்றிக்கொண்டே போனார். 1945-இல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். இன்றைக்கு எந்த ஜிம்மிலும் போடும் பத்து கவுண்ட் கணக்குக்கு வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

நம் பக்கத்துக் கிராமங்களில் இளைஞர்கள் பலம் காட்டத் தூக்கும் இளவட்டக்கல் பார்த்திருப்பீர்கள். அதன் சிக்கலே இதுதான்: ஒரே கனம். தூக்கினால் தூக்கினீர்கள், இல்லாவிட்டால் இல்லை. பாதிக் கல் என்று ஒன்று கிடையாது. ராடும் பிளேட்டும் கொடுக்கிற வசதி, இன்றைக்குத் தூக்கியதைவிடச் சற்றே கூடுதலாக நாளைக்குப் போடலாம் என்பது. அந்த வசதியை எழுதி வைக்காமல் பயன்படுத்த முடியாது.

எழுதும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். தெரு ஜிம்களில் ஆகச் சிறிய பிளேட் பெரும்பாலும் இரண்டரை கிலோ. இரு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் ஐந்து கிலோ கூடிவிடும். பென்ச்சில் 40 போடுகிறவருக்கு 45 லேசான விஷயமில்லை. அதனால் முதலில் கவுண்ட்டை ஏற்றுங்கள். 40 கிலோவில் மூன்று செட்டும் எட்டு வந்தால், அதே எடையில் ஒன்பது, பத்து என்று பன்னிரண்டு வரை போங்கள். மூன்று செட்டிலும் பன்னிரண்டு வந்த பிறகு 45 ஏற்றி மறுபடி எட்டிலிருந்து தொடங்குங்கள். ராடின் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒலிம்பிக் ராடு 20 கிலோ. மூலையில் சாத்தி வைத்திருக்கும் மெல்லிய ராடுகள் அத்தனை வராது, ஒவ்வொன்றும் ஒரு கனம். எடை மெஷினில் ராடோடு ஒரு தடவை, ராடில்லாமல் ஒரு தடவை ஏறி இறங்கினால் தெரிந்துவிடும்.

பின்னால் நின்று பிடிக்கிற அண்ணனின் உதவியோடு வந்த கவுண்ட்டை நோட்டில் ஏற்ற வேண்டாம். "நீங்கதாண்ணே தூக்குறீங்க, நான் சும்மா கை வச்சிருக்கேன்" என்று அவர் கத்துவார். பாதிக் கனம் அவர் கையில்தான் இருக்கும்.

நேரம் காலையாக இருக்கட்டும். பகல் முழுக்க நின்ற காலோடு இரவில் ஸ்குவாட் போடுவது தண்டனை. சித்திரை, வைகாசியில் தகரக் கூரை போட்ட ஜிம்மாக இருந்தால் விடிந்த உடனே போய்விடுவது நல்லது. அந்த மாதங்களில் ஒரு செட்டைக் குறைத்தாலும் குற்றமில்லை.

தீபாவளி மாதத்துக்கு இன்னொரு விதி. ஜவுளிக்கடைக்காரர் அந்த மாதம் மூன்று நாள் போவேன் என்று சொல்வதே பொய். வாரம் ஒரு நாள் போங்கள், செட்டைக் குறையுங்கள், ஆனால் எடையைக் குறைக்காதீர்கள். பலத்தைச் சேர்க்கத் தேவைப்படும் உழைப்பில் சிறு பங்கு போதும், சேர்த்ததைக் காப்பாற்ற. அந்த ஒரு நாளும் போகாமல் விட்டு, பொங்கலுக்குப் பிறகு புதிதாகத் தொடங்குகிறவர்கள் வருஷா வருஷம் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். ஆண்டுச் சந்தாவில் அவர்கள் கட்டும் பணத்தில்தான் ஜிம்மே ஓடுகிறது என்பது என் சந்தேகம். நீங்கள் மூன்று மாதம் மட்டும் கட்டுங்கள்.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கு. எடை தூக்குகிறவருக்கு 1.6 கிராம் வரை பலன் உண்டு. 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். ஆறு முட்டையில் 36, கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கோழிக்கறியில் 40-க்கு மேல், அரை லிட்டர் பாலில் 16, ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, அப்புறம் சோறும் பருப்பும். பவுடர் இல்லாமலே எட்டிவிடலாம். கறி முட்டை சாப்பிடாதவருக்குத்தான் பவுடர் நிஜமாகவே உதவும். அதுவும் பாலிலிருந்து எடுத்ததுதான், பயப்பட ஒன்றுமில்லை. பெயர் ஒட்டாத டப்பாவையோ ஊசியையோ யாராவது நீட்டினால் ஜிம்மையே மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை கறிதோசையை நான் விட்டதில்லை, நீங்களும் விட வேண்டாம்.

பிரஷர், சுகர், நெஞ்சுவலி என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முதல் வாரம் வெறும் ராடு, ஒவ்வொன்றும் இரண்டே செட். மறுநாளைவிட அதற்கடுத்த நாள் தொடை அதிகம் வலிக்கும், மாடிப்படி இறங்குவதே பாடாகும். அந்த வலியோடு அடுத்த முறை போகலாமா என்றால், போகலாம். வார்ம்-அப் முடிவதற்குள் பாதி குறைந்துவிடும். மூட்டுக்குள் சுருக்கென்று குத்துகிற வலி என்றால் அது வேறு கதை. அன்றைக்கு அந்தப் பயிற்சியை விட்டுவிட்டு, அடுத்த முறை வெறும் ராடோடு செய்து மாஸ்டரிடம் காட்டுங்கள். எங்கே கோணுகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்வதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.