ஜெராக்ஸ் எடுக்கலாமே, கட்டற்ற பாடநூல் எதற்கு?

வணக்கம் சார்,

குரோம்பேட்டை பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் திருத்திப் பகிரலாம் என்ற அனுமதியோடு வரும் கட்டற்ற பாடநூல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட ‘இன்ட்ரொடக்டரி ஸ்டாடிஸ்டிக்ஸ்’ நூலை இறக்கிப் பார்த்தேன். நன்றாகவே இருக்கிறது. ஆனால் எங்கள் துறைத்தலைவர், “ஓசியில் கிடைப்பதை வகுப்பில் வைத்தால் தரம் என்ன ஆவது?” என்கிறார். சக ஆசிரியர் ஒருவர், “டெல்லி தீர்ப்புக்கு அப்புறம் எந்தப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாமே, இது எதற்கு?” என்கிறார். உதாரணங்கள் எல்லாம் அமெரிக்காவைச் சேர்ந்தவை. என் மாணவர்களில் பலர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். இந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

வி., குரோம்பேட்டை

அன்புள்ள வி.,

துறைத்தலைவரின் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அந்த நூலை எழுதிய பார்பரா இல்லோவ்ஸ்கி, சூசன் டீன் இருவரும் கலிஃபோர்னியாவில் உள்ள டி ஆன்சா கல்லூரியில் பாடம் நடத்தியவர்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012-இல் இருந்து இப்படிப் பாடநூல்களை வெளியிட்டு வருகிறது. அறக்கட்டளைகளின் பணத்தில் எழுத ஆளும் சரிபார்க்க ஆளும் வைத்துச் செய்கிறார்கள். மாணவர் காசு கொடுக்கத் தேவையில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நம் ஊர்க் கடைகளில் தொங்கும் ஐந்து யூனிட் கைடு ஒன்றை இதன் பக்கத்தில் வைத்து அவரைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐஐடி பேராசிரியர்கள் இணையத்தில் பாடம் நடத்தும் என்பிடெல் வீடியோக்களும்தான் ஓசி. அவற்றின் தரத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை.

சக ஆசிரியர் கேட்டதுதான் நல்ல கேள்வி. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஜெராக்ஸ் கடையின்மேல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-இல் வழக்குப் போட்டன. 2016-இல் டெல்லி உயர்நீதிமன்றம் கடைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கற்பித்தலுக்காக ஆசிரியரும் மாணவரும் பிரதி எடுப்பதை அனுமதிக்கிறது என்பது அதன் அடிப்படை. அடுத்த ஆண்டே பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. ஆக, அவர் சொல்வது பெரும்பாலும் சரி.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் கட்டற்ற பாடநூலுக்குச் சொல்லப்படும் முதல் காரணம் விலை. அங்கே ஒரே பாடநூல் நூறு டாலரைத் தாண்டும். நம் மாணவர்கள் எந்தக் காலத்தில் பாடநூல் வாங்கினார்கள்? சீனியர் நோட்ஸ், ஜெராக்ஸ் கட்டு, வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப் என்று சமாளித்துக்கொள்கிறார்கள். காசு மிச்சம் என்ற வாதத்தோடு உங்கள் துறைக்குள் போனால் எடுபடாது, எடுபடவும் கூடாது.

நமக்கு வேண்டியது கைவைக்கும் உரிமை. டெல்லி தீர்ப்பை நம்பி ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து வகுப்பில் தரலாம். அதைப் பாதியாக வெட்டி, உதாரணத்தை மாற்றி, தமிழில் எழுதி, மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் இன்னொரு ஆசிரியரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட அந்தத் தீர்ப்பு உதவாது. அதற்குத்தான் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், அதாவது தன் படைப்பை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று உரிமையாளரே முன்கூட்டித் தரும் அனுமதி. நீங்கள் இறக்கிய நூலில் இருப்பது அதில் ஒரு வகையான சிசி பிஒய் (CC BY). மூலத்தையும் ஆசிரியர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டு, எதை மாற்றினீர்கள் என்று சொல்லிவிட்டால் போதும், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற பெயரும் சின்னமும் அட்டையும் மட்டும் அதில் சேராது.

சரி, என்ன செய்வது? எண்ணூறு பக்கத்துக்கு மேல் உள்ள புத்தகத்தை முழுசாக மொழிபெயர்க்கக் கிளம்பிவிடாதீர்கள். அந்த உழைப்புக்கு உங்கள் கல்லூரி சம்பளத்திலும் சேர்க்காது, பதவி உயர்விலும் சேர்க்காது. ஒரே ஒரு யூனிட். சராசரி, இடைநிலை அளவு, முகடு என்ற மையப்போக்கு அளவைகளில் தொடங்கலாம். சிலபஸில் இல்லாததை எல்லாம் தூக்கிவிடுங்கள். விளக்கத்தை எளிய ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே தமிழில் எழுதுங்கள். பள்ளியில் படித்த இடைநிலை அளவும் முகடும்தான் இங்கே மீடியன், மோட் என்று வந்து நிற்கின்றன என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

உதாரணத்துக்கு வெளியே தேட வேண்டாம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி காலையிலிருந்து 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. உங்கள் மாணவர்களில் பலர் சிறுவயதில் அந்தத் தண்ணீரில் நின்றவர்களாக இருப்பார்கள். அந்த ஒரு நாள் மட்டுமே அந்த மாதத்தின் தினசரிச் சராசரியில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் சேர்த்துவிடும். நாள்களை மழை அளவுப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை அளவோ அந்த ஒரு நாள் 49 சென்டிமீட்டருக்குப் பதில் 9 சென்டிமீட்டராக இருந்திருந்தாலும் அநேகமாக மாறாது. எதை எப்போது நம்ப வேண்டும் என்று இதைவிட நன்றாக எந்தப் பாடநூல் சொல்லும்? செம்பரம்பாக்கம் போன்ற ஏரிகளின் நீர் இருப்பைச் சென்னைக் குடிநீர் வாரியம் தினமும் இணையத்தில் போடுகிறது. மாணவர்களையே ஒரு மாதம் அதைக் குறித்துவரச் சொல்லுங்கள். மழை அளவு, நீர்மட்டம் போன்ற வெறும் தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது, பயப்பட வேண்டாம்.

உரிமங்களில் இரண்டு இடங்களில் கால் தடுக்கும். உரிமத்தின் பெயரில் என்டி (ND) என்று போட்டிருந்தால் திருத்தியதைப் பகிர முடியாது. மொழிபெயர்ப்பும் திருத்தம்தான். அடுத்தது எஸ்ஏ (SA), அதாவது மூலத்தின் உரிமத்திலேயே நீங்களும் வெளியிட வேண்டும். என்பிடெல் பாடங்கள் பிஒய்-எஸ்ஏ. அமெரிக்காவின் எம்ஐடி இணையத்தில் இலவசமாகப் போடும் ஓப்பன்கோர்ஸ்வேர் பாடங்களில் அதோடு வணிகத் தடையும் (என்சி, NC) உண்டு, பிஒய்-என்சி-எஸ்ஏ. இரண்டிலிருந்தும் பத்திகளை எடுத்து ஒரே பாடமாகக் கலந்தால் எந்த உரிமத்தில் வெளியிடுவீர்கள்? ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது மீறப்படும். தனித்தனி அத்தியாயங்களாக, அதனதன் உரிமத்தோடு வைத்தால் பிரச்சினை இல்லை. நம் பாடநூல் கழகத்தின் பள்ளிப் புத்தகங்கள் இணையத்தில் இலவசம், ஆனால் பதிப்புரிமை அரசிடம். கலைச்சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள், பத்திகளை அப்படியே எடுக்காதீர்கள்.

“எக்ஸாமுக்கு இது வருமா?” என்ற கேள்வி கண்டிப்பாக வரும். உங்கள் கல்லூரி தன்னாட்சி பெற்றதென்றால் பாடத்திட்டக் குழுவில் சொல்லி இந்த நூலைப் பரிந்துரைப் பட்டியலில் சேர்க்கப் பாருங்கள். பல்கலைக்கழகம் கேள்வித்தாள் எடுப்பதாக இருந்தால், யூனிட்டின் கடைசியில் பழைய கேள்வித்தாள் பாணியில் நீங்களே கணக்குகள் எழுதிச் சேர்த்துவிடுங்கள். அது இல்லாமல் மாணவர்கள் இதைத் தொடமாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

முடித்ததும் பிடிஎஃப் மட்டும் ஏற்றாதீர்கள். பிடிஎஃபிலிருந்து எடுத்து ஒட்டினால் சூத்திரங்கள் உடையும், சில நேரம் தமிழ் எழுத்தும் உடையும். அடுத்தவர் திருத்தும்படியான கோப்பாக, யூனிகோடு எழுத்துருவில் போடுங்கள். முதல் பக்கத்திலேயே உரிமத்தையும் எழுதிவிடுங்கள். இணைப்பை எனக்கு அனுப்பினால் இந்தப் பதிலுக்குக் கீழே சேர்த்துவிடுகிறேன்.