வீட்டில் இன்னும் சொல்லவில்லை: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 23 வயதுக்கும் 28 வயதுக்கும் இடைப்பட்டவர்கள் எழுதியவை. வேலை, கடன், காதல், நட்பு என்று பொருள் வேறுபட்டாலும், ‘வீட்டில் இன்னும் சொல்லவில்லை’ என்ற வரி ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் எங்கேனும் ஓரிடத்தில் வந்துவிடுகிறது. அவற்றுள் நான்கை மட்டும், எழுதியவர் யாரென்று தெரியாதபடி சுருக்கி, இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வாசகர், விருதுநகர் மாவட்டம்: எனக்கு வயது 27. பொறியியல் முடித்துவிட்டு, நான்கு ஆண்டுகளாகச் சென்னை அண்ணா நகரில் விடுதியில் தங்கி, டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்குப் படித்துவருகிறேன். இரண்டு முறை முதல்நிலைத் தேர்வில் தேறினேன்; முதன்மைத் தேர்வில் தேறவில்லை. அப்பா மளிகைக்கடை வருமானத்திலிருந்து மாதந்தோறும் பணம் அனுப்புகிறார். எவ்வளவு மதிப்பெண் எடுத்தேன் என்று அவருக்குத் தெரியாது. படிப்பை விடுவதா, தொடர்வதா?

பதில்: அப்பாவுக்குச் சொல்லாத மதிப்பெண்ணை எனக்கும் நீங்கள் எழுதவில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. எழுதிய இரண்டு முதன்மைத் தேர்வுகளின் மதிப்பெண்களையும், அந்தந்த ஆண்டில் உங்கள் பிரிவுக்கு நின்ற கட்-ஆஃபையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். இடைவெளி குறைந்துகொண்டே வந்திருந்தால் இன்னொரு முறை எழுதுவதில் நியாயம் இருக்கிறது. இரண்டு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றிருந்தால், படிக்கும் முறையை மாற்றாமல் மூன்றாம் முறை உட்காருவதில் பொருளில்லை. முதல்நிலைத் தேர்வு சரியான விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. முதன்மைத் தேர்வு விரிவாக எழுதச் சொல்வது. முன்னதில் தேறிப் பின்னதில் தங்கிவிடுகிறவர்களில் பலர், நாள் முழுவதும் படிக்கிறார்களே தவிர, கடிகாரத்தை வைத்துக்கொண்டு விடை எழுதிப் பார்ப்பதில்லை. நீங்கள் எப்படி என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மத்தியக் குடிமைப்பணித் தேர்வில் பொதுப் பிரிவினருக்கு 32 வயது வரை 6 முறை, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது வரை 9 முறை என்று வரம்பு உண்டு. மாநிலத் தேர்வுகளிலோ, குரூப் 2 பதவிகள் பலவற்றுக்கு, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்கு அது பெரிய வாய்ப்பு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அரசு நிறுத்தச் சொல்லாதபோது, நிறுத்தும் நாளை நாமே குறித்தாக வேண்டியிருக்கிறது. அடுத்து வரும் ஓர் அறிவிக்கையைக் கடைசி என்று வைத்துக்கொண்டு, அதை நாட்காட்டியில் எழுதுங்கள். அதற்கிடையே குரூப் 4 தேர்வையும் எழுதுங்கள். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வு என்று பொறியாளர்கள் பலர் அதை மதிப்பதில்லை. ஒரே தாள், நேர்முகத் தேர்வு கிடையாது, இளநிலை உதவியாளராகவோ கிராம நிர்வாக அலுவலராகவோ சேர்ந்த பிறகு, துறைக்கு முறைப்படி தெரிவித்துவிட்டு மேல்நிலைத் தேர்வுகளை எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அண்ணா நகர் விடுதி வாடகையும் இனித் தேவையா என்று யோசியுங்கள். மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வு நூல்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் மாவட்டத்திலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவுதான்.

அந்தத் தாளை அப்பாவிடம் காட்டுங்கள். கடை நடத்துகிறவருக்குக் கணக்கைச் சொன்னால் விளங்கும். நான்கு ஆண்டுகளாக நீங்கள் அவரிடமிருந்து மறைத்திருப்பது கணக்கைத்தான்.

வாசகி, சென்னை: வயது 24. மென்பொருள் நிறுவனத்தில் வேலை. என்னுடன் ஒரே அறையில் தங்கியிருக்கும் தோழிக்குச் சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் மதிப்பெண்) குறைவு என்பதால், என் பெயரில் 12 மாதத் தவணையில் கைப்பேசி வாங்கிக் கொடுத்தேன். ஐந்து தவணை கட்டினாள். இரண்டு மாதமாகக் கட்டவில்லை. எனக்குத்தான் வசூல் அழைப்புகள் வருகின்றன. கேட்டால் நட்பு முறிந்துவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: கைப்பேசி அவளிடம் இருக்கலாம், கடன் உங்களுடையது. நிதி நிறுவனத்தின் பதிவேட்டில் உங்கள் தோழி என்று ஒருவரே இல்லை. ஆகவே, அவளிடம் பேசுவதற்கு முன்பே, நின்றுபோன இரண்டு தவணைகளையும் அபராதத்தோடு நீங்கள் கட்டிவிடுங்கள். தாமதமான ஒவ்வொரு தவணையும் உங்கள் கடன் வரலாற்றில் பதிவாகிறது. சில ஆண்டுகள் கழித்து வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். இந்தியாவில் உள்ள நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள்.

இனி அது வங்கித் தவணை அன்று, உங்கள் இருவருக்கும் இடையிலான கைமாற்று. எஞ்சிய தொகை இவ்வளவு, மாதம் இவ்வளவு தர முடியுமா, இல்லையென்றால் கைப்பேசியைத் திருப்பித் தருகிறாயா என்று நேரில் கேளுங்கள். பேசி முடித்ததை அன்றே வாட்ஸ்அப்பில் அவளுக்கு எழுதி அனுப்புங்கள். அவள் வேலையை இழந்திருக்கலாம், அல்லது ஊரில் ஏதேனும் செலவு வந்திருக்கலாம். ஒரே அறையில் இருந்துகொண்டு அதை நீங்கள் கேட்கவேயில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. கேட்டதற்காக முறிகிற நட்பு, கேட்காமல் இருந்தாலும் எட்டாம் தவணையில் முறியும்.

அடுத்து யாரேனும் ‘ஜாமீன் கையெழுத்து மட்டும் போடு’ என்று வந்தால் இதையும் நினைவில் வையுங்கள்: 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒரே அளவானவை. வாங்கியவரை முதலில் துரத்திவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை.

வாசகி, திருப்பூர் மாவட்டம்: வயது 26. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உடன் படித்தவரை ஐந்து ஆண்டுகளாகக் காதலிக்கிறேன். இருவரும் இந்துக்கள், சாதி வேறு. ‘என் தங்கை கல்யாணம் முடியட்டும்’ என்றே அவர் சொல்லிவருகிறார். அடுத்த மாதம் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. பதிவுத் திருமணம் செய்துகொண்டு, நேரம் வரும்போது சொல்லலாமா?

பதில்: சட்டத்தில் உங்களுக்குத் தடை ஏதுமில்லை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, உறவினரோ நண்பரோ முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்துகொள்ளும் சுயமரியாதைத் திருமணம் முழுச் செல்லுபடி உடையது. அதை 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மதம் வேறாக இருந்தால்தான் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தையும் அதன் 30 நாள் அறிவிப்பையும் நாட வேண்டியிருக்கும்.

ஆனால், பதிவு செய்துவிட்டு அவரவர் வீட்டில் இருப்பதை மட்டும் செய்யாதீர்கள். இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அப்படி இருக்கும்போதுதான் வீட்டில் நிச்சயதார்த்தம் வரை போய்விடுகிறது. பத்திரிகை அச்சான பிறகு உண்மை வெளிவருகிறது. எதுவும் அறியாத இன்னொரு குடும்பமும் அதில் சிக்குகிறது. பயந்துபோய் அந்த மணத்துக்குத் தலையை நீட்டிவிட்டால், முதல் திருமணம் செல்லுபடியாக இருக்கும்போதே நடந்த இரண்டாவது திருமணம் செல்லாததோடு குற்றமும் ஆகும்.

தங்கையைப் பற்றி அவர் சொல்வதைச் சாக்கு என்று தள்ளிவிட மாட்டேன். அண்ணன் சாதி மாறி மணந்தால் தங்கைக்கு வரன் அமைவது கடினமாகிவிடும் என்ற அச்சம் நம் ஊர்களில் பொய்யான அச்சம் அன்று. அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை வேறு: தங்கைக்கு ஜாதகம் எடுத்தாகிவிட்டதா? அவள் இன்னும் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிறாளா? அவளுக்காவது உங்களைப் பற்றித் தெரியுமா? ஐந்து ஆண்டுகளில் தன் வீட்டில் ஒரே ஓர் ஆளிடம்கூட உங்கள் பெயரை அவர் சொல்லவில்லை என்றால், தங்கை திருமணத்துக்குப் பிறகும் சொல்வார் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. பெண் பார்க்கும் நாளுக்கு முன்பே அவர் யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று கேளுங்கள். அந்த நாள் தாண்டினால் உங்கள் முடிவை அவரைக் கலக்காமல் எடுங்கள்.

உங்கள் வீட்டில் சொல்வதைப் பொறுத்தவரை, ‘துணிந்து சொல்லுங்கள்’ என்று எழுதிவிட்டு நகர்வது எனக்கு எளிது. ஆனால் உங்கள் மாவட்டத்தின் உடுமலைப்பேட்டையில், சாதி மாறி மணந்த இளைஞர் 2016 மார்ச்சில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டாரின் சுபாவம் உங்களுக்குத்தான் தெரியும். கோபித்துப் பேசாமல் இருப்பார்கள் என்றால், முதலில் அம்மாவிடமோ நம்பிக்கையான சித்தி, அத்தை யாரிடமோ சொல்லி, அவர்கள் வழியாக அப்பாவிடம் கொண்டுபோங்கள். அடிப்பார்கள், அடைத்துவைப்பார்கள் என்ற ஐயம் சிறிதேனும் இருந்தால், வீட்டுக்குள் தனியாக நின்று சொல்லாதீர்கள். சான்றிதழ்கள், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை முன்கூட்டியே வெளியே பாதுகாப்பான இடத்தில் வைத்துவிடுங்கள். இத்தகைய இணையர்களுக்குப் பாதுகாப்பு தர மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஆணையிட்டிருக்கிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் சமூக நல அலுவலரும் அதில் அடங்குவர். மகளிர் உதவி எண் 181, எந்நேரமும் அழைக்கலாம்.

பெண் பார்க்கும் நிகழ்ச்சியைத் தள்ளிப்போடுவதற்கு முழு உண்மையையும் உடனே சொல்ல வேண்டியதில்லை. ‘எனக்கு இப்போது சம்மதமில்லை’ என்பது முழுமையான பதில்தான்.

வாசகர், பெங்களூரு: கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் 40 பேர் இருக்கிறோம். நான் எழுதினால் யாரும் பதில் போடுவதில்லை. இங்கே வேலைக்கு வந்து ஓராண்டாகியும் நண்பர் என்று ஒருவரும் இல்லை. வீட்டில் நன்றாக இருப்பதாகச் சொல்லிவருகிறேன்.

பதில்: நாற்பது பேருக்கு எழுதியது யாருக்கும் எழுதியதாகாது. அந்தக் குழுவில் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டியவர்கள் மூன்று பேர் இருந்தால் அதிகம். அவர்களைத் தனித்தனியே தொலைபேசியில் கூப்பிடுங்கள், இரவுப்பணி பார்க்கிறவர் எடுக்காவிட்டால் கோபிக்காமல் மறுவாரம் கூப்பிடுங்கள். ஊரில் புதிதாக ஆள் பழக, ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் பலமுறை போவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை: விளையாட்டுத் திடலோ, அல்சூர் பக்கம் இருக்கும் தமிழ்ச் சங்கத்தின் நூலகமோ, எதுவானாலும் சரி. தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் அது தனிமையோடு நிற்கிற விஷயம் அன்று; 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்), கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். அம்மாவிடமும் இந்த ஞாயிற்றுக்கிழமை, ‘இங்கே எனக்கு யாரும் இல்லை’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.