இந்தியாவிலும் அமெரிக்காவிலும் கோவேறு கழுதைச் சாணத்தை உரமாகப் பயன்படுத்துவதில் என்ன வித்தியாசம்?

விலங்கும் ஒன்றுதான், விட்டையும் ஒன்றுதான். அது எதைத் தின்றது, விழுந்த இடத்திலிருந்து யாராவது அள்ளினார்களா என்பதில்தான் வித்தியாசம். நீங்கள் சின்னதாகக் காய்கறித் தோட்டம் போடுகிறவர், பக்கத்தில் விட்டை சும்மா கிடைக்கிறது, போடலாமா என்று யோசிக்கிறீர்கள் என எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

என் அப்பா கொடைக்கானல் கீழ்மலையில் கோவேறு கழுதை வைத்துக் காபியும் மலைவாழையும் பொதி ஏற்றி இறக்கியவர். ராத்திரி கொட்டிலில் விழும் விட்டையை அம்மா காலையில் கூட்டி, மாட்டுச் சாணம், காபிப் பழத்தோல், வாழைச் சருகோடு குப்பைக்குழியில் போடுவார். பச்சையாக ஒருநாளும் செடிக்குப் போட்டதில்லை. கழுதை மாடு மாதிரி அசைபோடாது. அதனால் விட்டை நார் நாராக இருக்கும், புல்விதையும் சாகாமல் வெளியே வந்துவிடும். குவித்து வைத்தால் நன்றாகச் சூடேறும். அந்தச் சூட்டில்தான் விதை சாகும்.

ஆனால் இந்தியாவில் இப்படி அள்ளிச் சேர்ப்பவர்கள் குறைவு. கால்நடைக் கணக்கெடுப்பில் 2012இல் சுமார் 1.96 லட்சமாக இருந்த கோவேறு கழுதைகள் 2019இல் 84 ஆயிரமாகிவிட்டன. கோவேறு கழுதைகள் நிறைய இருக்கிற உத்தராகண்டின் கேதார்நாத் யாத்திரைப் பாதையில் விட்டை வழியெல்லாம் கிடந்து, மழையில் மந்தாகினி ஆற்றுக்குப் போகிறது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விஷயம் இது. அத்தனையும் மண்ணுக்குப் போயிருக்க வேண்டியது என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனே இதற்கு முன்னோடி. 1785இல் ஸ்பெயின் மன்னர் அனுப்பிய ஆண் கழுதையை வைத்துக் கோவேறு கழுதை வளர்த்தவர், 1787இல் தன் பண்ணையில் எரு மக்கவைக்கத் தனியாக ஒரு கொட்டகையே கட்டினார். இன்றும் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில், பழைய முறையிலேயே வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவு விவசாயிகள் கோவேறு கழுதை பூட்டித்தான் உழுகிறார்கள், எரு இறைக்கிறார்கள். அங்கே இயற்கை விவசாயச் சான்றிதழுக்குக் கறாரான விதியும் உண்டு: மக்காத சாணம் போட்டால், மண்ணில் படும் விளைச்சலுக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும், மற்றதற்கு 90 நாள்.

நான் அந்த மாநிலத்தில் வேலை பார்த்தபோது ஒரு பொதுத் தோட்டத்தில் பாத்தி எடுத்தேன். பக்கத்து லாயத்தில் குதிரையும் கோவேறு கழுதையும் இருந்தன. நன்றாக மக்கிய எருவைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துத்தான் கொண்டுவந்தேன். தக்காளிக் கொழுந்து எல்லாம் பெரணி இலை மாதிரி சுருண்டு நின்றுவிட்டது. மேய்ச்சல் நிலத்தில் களைக்கு அடிக்கும் அமினோபைரலிட், குளோபைரலிட் வகை மருந்து வைக்கோலில் தங்கும். கழுதை வயிற்றிலும் அழியாது, எருக்குவியலிலும் சீக்கிரம் அழியாது. லாயத்துக்காரரோ வைக்கோல் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது என்றார். அந்த வருஷத் தக்காளி போச்சு.

உடனே "அமெரிக்க எரு எல்லாம் விஷம்" என்று நான் சொன்னதாக யாரும் எழுத வேண்டாம். விதி அங்கே கறாரானது என்பதையும் நான்தான் சொல்லியிருக்கிறேன். நாட்டு மாட்டுச் சாணத்துக்கு ஈடாகுமா என்று கேட்பவர்களுக்கு: நான் போட்டி வைக்கவில்லை, இருப்பதை வீணாக்காதீர்கள் என்கிறேன்.

மாடு என்றதும் இன்னொன்று. அப்பாவின் கழுதை ஒன்று மலையில் கால் பிசகி நின்றபோது கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டோம். மாடாக இருந்தால் வருவேன் என்றார். ஊருக்கே அரிசி சுமந்த பிராணி அது. அப்பா கடைசிவரை அந்த வார்த்தையை மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

சரி, உங்கள் தோட்டத்துக்கு வருகிறேன். கிடைத்த எருவை மண்ணோடு கலந்து ஒரு தொட்டியில் பீன்ஸ் விதை போடுங்கள், இன்னொரு தொட்டியில் எரு இல்லாமல் போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் இலை சுருளாமல் வந்தால் பாத்திக்குப் போடலாம். மரத்தூள் நிறையக் கலந்திருந்தால் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் மக்கவிடுங்கள், இல்லையென்றால் அது மண்ணில் உள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். கையில் காயம் இருந்தால் உறை போட்டு அள்ளுங்கள். குதிரை, கழுதை விட்டையில் டெட்டனஸ் கிருமி சாதாரணமாக இருக்கும், ஊசி போட்டு ரொம்ப வருஷம் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.