50 அட்டைகளில் 24

அன்புள்ள அண்ணா,

கொக்குவிலிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் அம்மப்பாவின் றங்குப் பெட்டியைத் துப்புரவாக்கும்போது ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் 24 சிகரெட் அட்டைகள் கிடைத்தன. எல்லாமே பிளேயர்ஸ் என்ற சிகரெட் நிறுவனம் 1938 இல் பக்கெட்டுக்குள் வைத்து வெளியிட்ட கிரிக்கெட் வீரர்களின் படங்கள். அம்மப்பா மலாயாவில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அங்கே மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர் புதுச் சிகரெட் பக்கெட்டை உடைத்தால் உள்ளே இருக்கும் அட்டையை அம்மப்பாவுக்குக் கொடுத்துவிடுவாராம்.

முழுத் தொகுதி 50 அட்டைகள். என்னிடம் பிராட்மன் இல்லை. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் பழைய ஐஸ் ஹொக்கி அட்டைகள் சேர்ப்பவர். "பாதி வந்துவிட்டால் முடித்தே ஆகவேண்டும், உனக்கு இன்னும் ஒன்றுதான் குறை" என்கிறார். மிச்சத்தையும் சேர்க்க நான் இறங்கலாமா? இன்னொன்று: இரண்டு அட்டைகள் ஒட்டிப்போயிருக்கின்றன. ஒரு பக்கம் வெரிட்டியின் முகம் தெரிகிறது, திருப்பினால் ஃபார்ன்ஸைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. பிரிக்கலாமா?

அன்புள்ள தம்பி,

ஒட்டிய இரண்டையும் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து பிரிக்க வேண்டாம். அந்தத் தொகுதியின் அட்டைகளுக்குப் பின்னால் தபால்தலைக்குப் போலப் பசை பூசியிருப்பார்கள். சிகரெட் விற்கும் கடையிலேயே ஒரு பென்னிக்கு அல்பம் கிடைக்கும். அட்டையை ஈரப்படுத்தி அதில் ஒட்ட வேண்டும். உங்கள் அம்மப்பா ஒட்டாமல் வைத்திருந்தார். ஆனால் எங்களுடைய மாரி ஈரம் ரின்னுக்குள்ளும் போகும். வெரிட்டியின் பின்பக்கப் பசை ஃபார்ன்ஸின் முகத்தைப் பிடித்துவிட்டது. தண்ணீரில் ஊறவிட்டால் பிரியலாம், கூடவே படத்தின் நிறமும் கழன்று வரலாம்.

அந்த இருவரும் யார் என்று பார்த்தீர்களா? ஃபார்ன்ஸ் எசெக்ஸின் வேகப்பந்து வீச்சாளர். 1941 இல் விமானப் பயிற்சியின்போது இறந்துபோனார். வெரிட்டி யோர்க்ஷயரின் இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். போர்க்களத்தில் காயப்பட்டுக் கைதியாகி, 1943 இல் இத்தாலியில் இறந்தார். அட்டை வந்து ஏறக்குறைய ஐந்தே வருடங்களில் இருவருமே இல்லை. உங்கள் ரின்னுக்குள் அவர்கள் ஒன்றாக இருக்கட்டும். தேவையென்றால் இருவருக்கும் வேறு பிரதிகள் வாங்கிக்கொள்ளலாம்.

இனி மச்சானின் பாதிக் கணக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் சேர்க்கும் ஹொக்கி அட்டைகளையே எடுத்துக்கொள்வோம். கனடாவில் ஓ-பீ-சீ நிறுவனம் வெளியிட்ட 1979-80 தொகுதியில் 396 அட்டைகள். அதில் 18 ஆம் இலக்கம் ஐஸ் ஹொக்கியின் பெரும் நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கியின் முதல் அட்டை, விலை மிகவும் கூடியது. மற்ற 395 அட்டைகளையும் சேர்த்து வைத்திருப்பவருக்குக்கூடப் பெருஞ்செலவு இன்னும் முன்னால்தான் நிற்கிறது. எண்ணிக்கையில் பார்த்தால் முடிந்த மாதிரி, காசில் பார்த்தால் தொடங்கவே இல்லை. இதைவிட மோசமானது அமெரிக்காவில் கௌடி என்ற பபிள்கம் நிறுவனம் 1933 இல் வெளியிட்ட பேஸ்போல் தொகுதி. மொத்தம் 240. அதில் 106 ஆம் இலக்கத்தை அந்த வருடம் அவர்கள் அச்சிடவே இல்லை. அதைத் தேடித்தேடிப் பிள்ளைகள் பபிள்கம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். அடுத்த வருடந்தான் அச்சிட்டு, எழுதிக் கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அதனால் கையில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதைவிட, என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் உதவும்.

உங்கள் தொகுதியில் அப்படி ஒரு பொறி இல்லை. ஏராளமாக அச்சடித்தவை. பிராட்மனுக்கு விலை கூட, அது அவர் பெயருக்காக. இங்கிலாந்தில் முழுத் தொகுதியே சில பத்துப் பவுணுக்கு விற்கிறது. மீதி 26 ஐயும் ஒவ்வொன்றாக வாங்கி யாழ்ப்பாணத்துக்கு எடுப்பித்தால், தபால் செலவே அதைத் தாண்டிவிடும். ஆக, காசுக் கணக்கு மட்டும் பார்த்தால் இன்று இரவே முழுத் தொகுதியை வாங்கிக் கதையை முடித்துவிடலாம். நீங்கள் அப்படிச் செய்யாமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அம்மப்பாவின் 24 அட்டைகளுக்கும் பக்கத்தில் மற்ற 26 அட்டைகளையும் கொண்டுவந்து வைக்கத்தான் உங்களுக்கு ஆசை என்று நினைக்கிறேன். அந்த ஆசை உண்மையா என்று சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது.

ஒரு கொப்பியில் 50 பெயர்களையும் உங்கள் கையால் எழுதுங்கள். இருப்பதற்கு நேரே கோடு போடுங்கள். பிறகு மிச்சப் பெயர்களை மெதுவாக வாசியுங்கள். பிராட்மனை யாருக்கும் பிடிக்கும், அவரை விட்டுவிடுங்கள். நீங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு கவுண்டி (இங்கிலாந்தின் மாவட்ட அணி) ஆட்டக்காரரின் பெயரைக் கண்டதும் இவர் யார், எப்படிப் பந்து போட்டிருப்பார், போருக்குப் பிறகும் ஆடினாரா என்று மனம் போகிறதா? போனால் நீங்கள் தொகுதி சேர்ப்பவர். இங்கிலாந்துத் துடுப்பாட்டக்காரர் ஹட்டனின் அட்டை உங்களிடம் இருந்தால் பின்பக்கத்தை வாசித்துப் பாருங்கள். அந்த வருடம் ஓகஸ்டில்தான் அவர் ஓவல் மைதானத்தில் 364 ஓட்டங்கள் எடுத்தார். அட்டை அச்சுக்குப் போனபோது அந்த ஆட்டம் நடக்கவில்லை. இருபதுகளின் தொடக்கத்தில் நிற்கும் ஒரு பெடியனை அதில் காணலாம். இப்படி ஒவ்வொன்றாக வாசிக்கப் பொறுமை இருக்கிறவருக்கு 26 என்பது பெரிய தொகை இல்லை.

நான் பிளேயர்ஸின் 1934 கிரிக்கெட் தொகுதியை 11 அட்டைகளோடு தொடங்கினேன். முடிக்க ஒன்பது வருடங்கள் எடுத்தன. அதில் பாதிக் காலம் என் பிழையால் போனது. எந்த நிலையில் உள்ள அட்டை வேண்டும் என்று தீர்மானிக்காமல், கண்டதையெல்லாம் வாங்கினேன். ஒரு விற்பனையாளர் நல்ல நிலை என்று எழுதி அனுப்பிய அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், குறுக்கே கிழிந்ததைப் பின்னால் மெல்லிய தாள் வைத்து ஒட்டியிருந்தார்கள். ஆத்திரமாக இருந்தது. அப்புறம் அதை மாற்ற இன்னொன்று, அது மற்றவற்றைவிடப் புதிதாகத் தெரிகிறதே என்று பக்கத்தில் இருந்ததையும் மாற்ற இன்னொன்று என்று 50 அட்டைகளுக்கு எழுபதுக்கு மேல் வாங்கினேன். 1930 தொகுதியை 19 உடன் நிறுத்திவிட்டேன். பெயர்களை எழுதிப் பார்த்தபோது எனக்கு வேண்டியவை நான்கே நான்குதான். அவற்றை வாங்கினேன். அந்த 23 அட்டைகளும் இன்றும் எனக்குச் சந்தோஷம் தருகின்றன.

உங்களுக்கு நிலையைத் தீர்மானிப்பது சுலபம். அம்மப்பாவின் அட்டைகளின் மூலைகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றனவோ, ஏறக்குறைய அந்த அளவு தேய்ந்தவையாகவே வாங்குங்கள். விலையும் குறையும், பக்கத்தில் வைத்தால் உறுத்தாது. அம்மப்பாவின் ஒரு அட்டையைக்கூட நல்லதாக மாற்றாதீர்கள். பீவீசி பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், நாளடைவில் அது அட்டையைக் கெடுக்கும்.

என் தீர்ப்பைக் கேட்டால், இறங்குங்கள். ஆனால் பிராட்மனை முதலில் வாங்குங்கள். பலர் விலை கூடியதைக் கடைசிக்கு ஒதுக்கிவைப்பார்கள், பிறகு அந்த ஒன்றுக்காகத் தொகுதி வருடக்கணக்கில் அரைகுறையாகக் கிடக்கும். இன்று அதற்குக் காசு கொடுக்க மனம் வராவிட்டால், மற்ற 25 ஐயும் வாங்கிய பிறகும் வராது. அவர் வந்தால் உங்களிடம் 25 ஆகிவிடும், மச்சானுக்கும் திருப்தி. அந்த அட்டையை ரின்னுக்குள் வைத்து இரண்டு மாதம் விடுங்கள். மனம் அதோடு அடங்கிவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். கொப்பியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறீர்கள் என்றால் மற்றதையும் தொடங்குங்கள்.

சரி, பெயர்களை எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். 1938 தொகுதியில் என்னிடம் இரட்டையாகச் சில அட்டைகள் இருக்கின்றன. மூலை தேய்ந்தவைதான். உங்களிடம் இல்லாதது அதில் இருந்தால் எடுத்துவைக்கிறேன், நல்லூர்ப் பக்கம் வரும்போது வாங்கிக்கொண்டு போங்கள். ஒட்டிய அந்த இரண்டையும் மறக்காமல் கொண்டு வாருங்கள், நான் ஒருமுறை பார்க்க வேண்டும்.