காது குத்திய மாமாவும் 'புதிய' குழுவும்

கேள்வி: எனக்கு வயது 62. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். சென்ற மாதம் அக்காள் மகன் கைப்பேசியை நீட்டி, "மாமா, புதிதாக ஒரு குழு வந்திருக்கிறது, கேளுங்கள்" என்றான். கேட்டால், எங்கள் ஊர்ப் பழைய ஜூலு பாட்டுக் குழு லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ! 1987-லேயே அவர்கள் கேசட்டை வாங்கியவன் நான். ஆத்திரத்தில் ஒரு மணி நேரம் பாடம் எடுத்துவிட்டேன். இப்போது அவன் வீட்டுக்கு வந்தாலும் பாட்டுக் கேட்கும் காதுக்கருவியைக் கழற்றுவதில்லை. இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: நாற்பது வருடமாகக் கடை நடத்துகிறவரிடம் "எப்போது திறந்தீர்கள்?" என்று கேட்டால் எரியத்தான் செய்யும். இங்கே கடை உங்களுடையதுகூட இல்லை, நீங்கள் வாடிக்கைக்காரர். அப்படியும் எரிகிறது. பிடித்த பாட்டுக்கு அந்த உரிமை உண்டு.

ஆனால் உங்கள் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். ஜோசப் ஷபலாலா இந்தக் குழுவைத் தொடங்கியது 1960-களின் தொடக்கத்தில். 'அமாபுத்தோ' இசைத்தட்டு வந்தது 1973-ல். அப்போது நீங்கள் பள்ளிக்கூடப் பையன். இவர்களும் சேர்ந்து பாடிய, அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் 'கிரேஸ்லேண்ட்' இசைத்தட்டு 1986-ல் வெளிவந்த பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. நீங்கள் கேசட் வாங்கியது அதற்கு அடுத்த வருடம். பக்கத்தில், கறுப்பினத்தவர் குடியிருப்பான உம்லாசியில் ஜூலு வானொலி கேட்டு வளர்ந்த ஒருவர், "இப்போதுதான் கேட்கிறீர்களா?" என்று அன்று உங்களைப் பார்த்துச் சிரித்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அது உங்கள் குற்றமல்ல. அன்றைய நிறவெறி ஆட்சியில் இனம் பார்த்துக் குடியிருப்பைப் பிரித்தார்கள், மொழி பார்த்து வானொலியைப் பிரித்தார்கள். பையனுக்கு அப்படித் தடை இல்லை. ஆனால் கைப்பேசியில் பாட்டு உறையில்லாமல், ஆண்டில்லாமல், நடுவிலிருந்து வந்து விழுகிறது. போதாக்குறைக்கு, ஷபலாலா 2020-ல் காலமான பிறகும் அவருடைய மகன்கள் அதே குழுவில் பாடிக்கொண்டிருக்கிறார்கள். இளம் குரலைக் கேட்டுப் புதியவர்கள் என்று நினைத்ததில் என்ன அதிசயம்?

பாடம் எடுத்தீர்களே, எதைச் சொன்னீர்கள்? ஆண்டுகளைத்தான் அடுக்கியிருப்பீர்கள் என்பது என் சந்தேகம். சுரங்கத் தொழிலாளர் விடுதிகளில், காவலாளியின் காதில் விழாமல் நுனிக்காலில் ஆடிப் பழகியதிலிருந்து வந்த ஆட்டம் என்று இவர்கள் பாடி ஆடுகிற இசிகதமியா என்ற ஜூலு இசைமுறையைப் பற்றிச் சொல்வார்களே, அதைச் சொன்னீர்களா? 'மம்பாசோ' என்றால் கோடரி. போட்டிக்கு வந்த குழுக்களையெல்லாம் வெட்டிச் சாய்த்ததால் வைத்த பெயர். இதைச் சொல்லியிருந்தால் அவனே காதுக்கருவியைக் கழற்றியிருப்பான்.

உங்கள் மடியில் உட்கார வைத்துக் காது குத்திய பிள்ளைதானே அவன்? ஒரு தடவை குத்தியது போதும், ஐயா.

அடுத்த முறை வரும்போது அவனுடைய காதுக்கருவியில் ஒன்றைக் கேட்டு வாங்கி உங்கள் காதில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் போடுகிற பாட்டு முடியும்வரை வாய் திறக்க வேண்டாம். அந்தப் பழைய கேசட் மட்டும் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் கிடக்கட்டும். உறையில் உள்ள ஆண்டை அவனே படித்துக்கொள்வான்.