இரண்டு மேற்பார்வையாளர், நாலு துறை: எதை எவ்வளவு படிப்பது?

சுன்னாகத்திலிருந்து ஒரு மாணவி கேட்கிறார்: "தாவரவியலில் சிறப்புப் பட்டம் முடித்து, பனங்களியை நொதிக்க வைத்து எதனோல் எடுக்கும் ஆய்வுக்குக் கலாநிதிப் பட்டப் பதிவு செய்திருக்கிறேன். ஒரு மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், மற்றவர் கிளிநொச்சிப் பொறியியல் பீடத்தில். ஒருவர் மதுவத்தின் (ஈஸ்ட்) மரபணுவைப் பார் என்கிறார். மற்றவர் நொதிக்கலனுக்குச் சமன்பாடு எழுது என்கிறார். இரசாயனமும் புள்ளிவிபரவியலும் வேறு இருக்கின்றன. எல்லாம் படிக்க மூன்று வருடம் போதுமா?"

போதாது. எல்லாம் படிக்கத் தேவையும் இல்லை. உங்கள் ஆழம் மதுவத்தில் இருக்கட்டும். பரீட்சகர் எவ்வளவு துருவினாலும் அங்கே நீங்கள் தடுமாறக்கூடாது. மற்றத் துறைகளில் வேண்டியது, அங்குள்ளவர் சொல்வதை விளங்கிக்கொண்டு திருப்பிக் கேள்வி கேட்கவும், முக்கியமான ஓர் அளவீட்டையாவது சொந்தக் கையால் செய்யவும் தெரிந்திருப்பது.

எங்கே எவ்வளவு என்பதை உங்கள் பனங்களியே சொல்லித்தரும். அதன் கசப்புக்குக் காரணம் பிளபெலிபெரின் என்னும் சபோனின் வகைச் சேர்வைகள். அவற்றுள் சில மதுவத்தின் வளர்ச்சியை அடக்குபவை. ஆகவே உங்கள் கண்ணுக்குத் தெரிவது, வெல்லக் கரைசலில் துள்ளி வளர்ந்த மதுவம் களியில் சோர்ந்து கிடப்பது. இரசாயனவியலாளர் அதையே ஸ்டெரொயிட் கூடொன்றில் வெல்ல மூலக்கூறுகள் தொங்கும் அமைப்பாகப் பார்ப்பார். எந்த வெல்லம், எத்தனை என்பதைப் பொறுத்துக் குணம் மாறும். நரிஞ்சினேஸ் என்ற நொதியம் அதிலொன்றை வெட்டிவிட்டால் கசப்புக் குறையும். பொறியியலாளருக்கோ தலையிடி நுரைதான். சபோனின் சவர்க்காரம்போல நுரைக்கும். கலக்கிக் காற்றூட்டினால் நுரை மேலேறி, காற்று வெளியேறும் வடிகட்டியை நனைத்து அடைத்துவிடும். மூன்று அறைகளில் மூன்று முறைப்பாடு, காரணம் ஒரே சேர்வைக் கூட்டம். இதை அறியாமல் வளர்ச்சியை மட்டும் அளந்தால், மதுவத்தின் மேல் பழியைப் போட்டு, இனத்தை மாற்றி மாற்றி ஒரு வருடத்தைத் தொலைப்பீர்கள். உங்களுக்கு வேண்டிய இரசாயனம் இதைப் புரியும் அளவு. முழு சேதன இரசாயனமும் அல்ல.

பொறியியலில் முதலில் திணிவுச் சமநிலையைப் படியுங்கள். ஒரு பின்னேரம் போதும். 100 கிராம் குளுக்கோசிலிருந்து கோட்பாட்டின்படி அதிகபட்சம் 51.1 கிராம் எதனோல் வரும். உங்கள் கணக்கு 55 காட்டினால் அது கண்டுபிடிப்பல்ல, எங்கோ அளவு பிழைத்திருக்கிறது. உள்ளே போன வெல்லம், வெளியே வந்த எதனோல், மதுவத்தின் உலர் நிறை, போன காபனீரொட்சைட்டு என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கிளிநொச்சிக்கு அந்தத் தாளோடு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

புள்ளிவிபரத்தில் நான் திரும்பத் திரும்பக் காணும் பிழை ஒன்று. ஒரே நாளில், மதுவம் வளர்த்த ஒரே வித்துக் கரைசலிலிருந்து மூன்று குடுவை போட்டுவிட்டு மூன்று மீள்செய்கை என்று எழுதுகிறார்கள். அது ஒன்றுதான். வெவ்வேறு நாளில் புதிதாக வளர்த்த மதுவத்தோடு செய்தால்தான் மூன்று. களியின் தன்மை மரத்துக்கு மரம் மாறலாம் என்பதால், எத்தனை மரத்துப் பழம் என்பதையும் பரிசோதனை தொடங்க முதலே புள்ளிவிபரம் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். முடிந்தபின் கேட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

சொற்களில்தான் ஆக மோசமான குழி. ஒரு கூட்டத்தில் பொறியியல் பக்கத்தவர் "கொன்ட்ரோல் இருக்கிறதா?" என்று கேட்டார். அங்கிருந்த வேறொரு மாணவி "இருக்கிறது, சேர்" என்றார். அவர் கேட்டது பீஎச் அளவைத் தானாகச் சீராக்கும் ஏற்பாட்டை. இவர் சொன்னது மதுவம் சேர்க்காத ஒப்பீட்டுக் குடுவையை. இரண்டு மாத வேலை வீணான பிறகுதான் எல்லோருக்கும் விளங்கியது. அந்தப் பிள்ளை அழுததை நான் பார்த்தேன். ஆகவே 'வளர்ச்சி', 'விளைவு', 'கொன்ட்ரோல்' போன்ற சொற்களுக்கு நீங்கள் மூவரும் ஒப்புக்கொண்ட பொருளையும் அலகையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அமெரிக்காவில் பல உயிரியல் கலாநிதிக் கற்கைகளில் முதல் வருடம் இரண்டு மூன்று ஆய்வுகூடங்களில் மாறி மாறி வேலை செய்வார்கள். பிரித்தானியாவில் உயிரியல் ஆய்வுக்கு நிதி கொடுக்கும் அரச அமைப்பு, தன் மாணவர்களை மூன்று மாதம் ஆய்வுக்கு வெளியே வேலை பழக அனுப்பியது. அது இங்கே அப்படியே கிடைக்காது, ஆனால் நீங்களே கேட்டு வாங்கலாம். முதல் ஆறு மாதத்துக்குள் கிளிநொச்சியில் தொடர்ந்து இரண்டு கிழமை தங்கி வேலை செய்யுங்கள். விடிய பஸ்ஸில் போய்ப் பின்னேரம் திரும்புவதில் கலனைப் பிரித்துப் பூட்டப் பழக முடியாது. கைதடிப் பனை ஆராய்ச்சி நிலையத்துக்கும் போய்ப் பேசுங்கள். சீவல் தொழிலாளரிடமும் கேளுங்கள். பாளைச் சாறு பிடிக்கும் முட்டியில் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காத இனிப்பான கருப்பநீர், பூசாவிட்டால் கள் என்று நொதித்தலை அவர்கள் கையாண்டுவருவது நம் ஆய்வுகூடங்களுக்கு வெகுகாலம் முந்தி.

மேற்பார்வையாளர் இருவரின் இழுபறிக்கு நடுவில் நீங்கள் தூது போக வேண்டாம். மாதம் ஒருமுறை இருவரையும் ஒரே அறையிலோ சூமிலோ சேர்த்து இருத்துங்கள். முடிவுகளை ஒரு பக்கத்தில் எழுதி அன்றிரவே இருவருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் என்பதையும் முதல் தரவு வருமுன்னரே அங்கே பேசிவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், தெரியும். மூன்றாம் வருடத்தில் கேட்பது அதைவிடக் கஷ்டம்.