என் கணினியில் மட்டும் சரியாகத் தெரிகிறதே! – இணைய எழுத்துரு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் தளத்துக்கு ஓர் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, சிஎஸ்எஸ் கோப்பின் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பு) ஃபான்ட்-ஃபேமிலி வரியில் அதன் பெயரைச் சேர்த்திருக்கிறேன். என் கணினியில் நன்றாக வருகிறது. மற்றவர்களின் கைப்பேசியில் பார்த்தால் வேறு ஏதோ எழுத்து. எங்கே தவறு?

பதில்: ஃபான்ட்-ஃபேமிலி வரி எழுத்துருவை யாருக்கும் அனுப்புவதில்லை. பெயரைச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. அந்தப் பெயரில் எழுத்துரு பார்ப்பவரின் கருவியில் இருக்கிறதா என்று உலாவி தேடும். இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த பெயருக்குப் போகும், கடைசியில் கருவியோடு வந்த எழுத்துருவில் போய் நிற்கும். உங்கள் கணினியில் நீங்கள் அதை நிறுவியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பக்கத்தோடு எழுத்துருக் கோப்பும் போய்ச் சேர வேண்டும். அதற்கான விதி @ஃபான்ட்-ஃபேஸ். அதில் ஐந்து வரிகள் போதும்: நீங்கள் வைக்கும் பெயருக்கு ஃபான்ட்-ஃபேமிலி, கோப்பின் முகவரிக்கும் வகைக்கும் எஸ்ஆர்சி, தடிமனுக்கு ஃபான்ட்-வெயிட், நேரா சாய்வா என்பதற்கு ஃபான்ட்-ஸ்டைல், கோப்பு வந்து சேரும்வரை என்ன செய்வது என்பதற்கு ஃபான்ட்-டிஸ்ப்ளே.

பெயர் எதுவாகவும் இருக்கலாம். எழுத்துருவின் உண்மைப் பெயரை வைக்காமல் ‘தளஉரை’ போல நீங்களே ஒன்றைச் சூட்டுங்கள். உண்மைப் பெயரையே வைத்து, விதியில் எங்கோ தட்டச்சுப் பிழை இருந்தால் உலாவி அந்த விதியைத் தள்ளிவிடும். அப்போது உங்கள் கணினியில் நிறுவியிருக்கும் எழுத்துரு அந்த இடத்துக்கு வந்து பிழையை உங்களிடமிருந்து மறைத்துவிடும். இதே காரணத்துக்காக எஸ்ஆர்சி வரியில் ‘லோக்கல்’ என்று எழுதி, பார்ப்பவரிடம் ஏற்கெனவே உள்ள பிரதியைத் தேடச் சொல்வதையும் தவிர்த்துவிடுங்கள். அவரிடம் பத்தாண்டுப் பழைய பதிப்பு இருக்கலாம். பெயர் ஒன்று, வடிவம் வேறு என்றாகிவிடும்.

கோப்பு வகையில் குழப்பமே வேண்டாம். வாஃப்2 ஒன்று போதும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018-இல் தரமாக ஏற்றுக்கொண்ட இந்த வகை, புராட்லி முறையில் சுருக்கப்பட்டது. இன்று புழக்கத்தில் உள்ள எல்லா முக்கிய உலாவிகளும் இதைப் படிக்கும். இஓடி, எஸ்விஜி, டிடிஎஃப் என்று நான்கைந்து வகைகளை அடுக்கச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் காலத்தவை. உங்களிடம் டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் கோப்புதான் இருக்கிறது என்றால் ஃபான்ட்டூல்ஸ் என்ற கட்டற்ற கருவி அதை வாஃப்2 ஆக மாற்றித் தரும்.

கேள்வி: விதியை எழுதியாகிவிட்டது, கோப்பையும் ஏற்றிவிட்டோம். இன்னும் எழுத்துரு வரவில்லை.

பதில்: ஊகிப்பதை விட்டுவிட்டு உலாவியின் டெவலப்பர் கருவியைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் ஃபான்ட் என்று வடிகட்டிப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். அங்கே தெரிவதைப் பொறுத்து வழி பிரியும்.

பட்டியலில் கோப்பே இல்லை என்றால் உலாவி அதைக் கேட்கவே இல்லை என்று பொருள். ஒரு விதியை எழுதிவிட்டதாலேயே கோப்பு இறங்காது. பக்கத்தில் ஏதாவது ஓர் எழுத்து அந்தப் பெயரைப் பயன்படுத்தினால்தான் இறங்கும். விதியில் உள்ள பெயரும், பத்திக்கோ தலைப்புக்கோ கொடுத்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

404 (கோப்பு கிடைக்கவில்லை) என்று வந்தால் பெரும்பாலும் முகவரி தவறு. சிஎஸ்எஸ் கோப்புக்குள் எழுதும் சார்பு முகவரி அந்த சிஎஸ்எஸ் இருக்கும் அடைவிலிருந்து கணக்கிடப்படும், எச்டிஎம்எல் பக்கம் இருக்கும் இடத்திலிருந்து அல்ல. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடும் இங்கே காலை வாரும். விண்டோஸ் கணினியில் இரண்டும் ஒன்று. லினக்ஸ் சர்வரில் வேறு வேறு. கோப்புப் பெயர்களை முழுக்கச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. மைக்ரோசாஃப்டின் பழைய ஐஐஎஸ் சர்வராக இருந்தால், வாஃப்2 வகையை அதன் பட்டியலில் பதியாதவரை கோப்பு இருந்தும் 404 தரும்.

200 (கோப்பு கிடைத்தது) என்று வந்தும் எழுத்துரு வரவில்லையா? அதே டெவலப்பர் கருவியில் பிழைகளைக் காட்டும் கன்சோல் பகுதியைப் பாருங்கள். ‘ஓடிஎஸ் பார்சிங் எர்ரர்’ என்றும் அதோடு 1008813135 என்ற எண்ணும் தெரிந்தால், எழுத்துருக் கோப்பின் இடத்தில் சர்வர் ஒரு எச்டிஎம்எல் பக்கத்தை அனுப்பியிருக்கிறது. அந்த எண், எச்டிஎம்எல் பக்கம் தொடங்கும் முதல் நான்கு குறிகளை ஒரே எண்ணாகப் படித்தால் கிடைப்பது. ‘பக்கம் காணவில்லை’ என்ற அறிவிப்பை 404-க்குப் பதிலாக 200 என்று சொல்லி அனுப்பும் தளங்களில் இது வாடிக்கை. வேறு எண் வந்தால் கோப்பு கெட்டிருக்கலாம். சர்வருக்குக் கோப்பு அனுப்பும் எஃப்டிபி-யில் டெக்ஸ்ட் முறையில் ஏற்றினால் அப்படி ஆகும், பைனரி முறையில் மறுபடி ஏற்றுங்கள்.

கன்சோலில் ‘கோர்ஸ்’ என்ற சொல் இருந்தால், எழுத்துரு வேறொரு டொமைனில் இருக்கிறது. படங்களைப் போல எழுத்துருக்களை எந்த டொமைனிலிருந்தும் எடுத்துவிட முடியாது. கோப்பை வைத்திருக்கும் சர்வர் ‘ஆக்செஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின்’ என்ற ஹெடரைக் கோப்போடு அனுப்பி அனுமதி தர வேண்டும். முகவரியில் மூன்று டபிள்யூ இருப்பதும் இல்லாததும் உலாவியின் கண்ணுக்கு இரண்டு தனித் தளங்கள் என்பதை மறக்க வேண்டாம். சிலருக்கு மட்டும் எழுத்துரு வராமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கேள்வி: பக்கம் திறந்ததும் சில நொடி எழுத்தே தெரியவில்லை. பிறகு தோன்றுகிறது. சில சமயம் வேறு எழுத்தில் வந்து, பின் மாறி, வரிகள் எல்லாம் துள்ளுகின்றன. நிறுத்த முடியுமா?

பதில்: ஃபான்ட்-டிஸ்ப்ளே எழுதாவிட்டால் பெரும்பாலான உலாவிகள் கோப்புக்காக 3 நொடிவரை எழுத்தை மறைத்து வைக்கும். ‘ஸ்வாப்’ என்று எழுதினால் மாற்று எழுத்துருவில் உடனே காட்டிவிட்டு, கோப்பு எப்போது வந்தாலும் மாற்றிக்கொள்ளும். ‘ஆப்ஷனல்’ என்று எழுதினால் 100 மில்லி நொடி அளவுக்குப் பார்க்கும். அதற்குள் வராவிட்டால் அந்தப் பார்வைக்கு மாற்று எழுத்துருவே நிலைக்கும், துள்ளல் இருக்காது. எல்லோருக்கும் உங்கள் எழுத்துருவே தெரிய வேண்டும் என்றால் ஸ்வாப்தான் சரி. படிப்பவரின் கண் அமைதியாக ஓட வேண்டும் என்பது முதன்மை என்றால் ஆப்ஷனல். நீண்ட கட்டுரைத் தளங்களுக்கு எங்கள் ஓட்டு இரண்டாவதுக்கே.

ஸ்வாப் வைத்தால் துள்ளலைக் குறைக்க இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, எச்டிஎம்எல் தலைப்பகுதியில் லிங்க் குறிச்சொல்லால் கோப்பை ‘ப்ரீலோட்’ செய்வது, அதாவது முன்கூட்டியே இறக்கச் சொல்வது. அதில் ‘கிராஸ்ஆரிஜின்’ என்ற சொல் கட்டாயம், கோப்பு உங்கள் சொந்த டொமைனில் இருந்தாலும். அதை விட்டால் ஒரே கோப்பு இரண்டு முறை இறங்கும். முதல் திரையில் தெரியும் ஒன்றிரண்டு கோப்புகளை மட்டும் ப்ரீலோட் செய்யுங்கள். எல்லாவற்றையும் செய்தால் முந்தவேண்டியது எதுவும் முந்தாது.

இரண்டாவது, மாற்று எழுத்துருவை அளவில் உங்கள் எழுத்துருவோடு பொருத்துவது. கருவியில் உள்ள எழுத்துருவுக்கு இன்னொரு @ஃபான்ட்-ஃபேஸ் விதி எழுதி, ‘சைஸ்-அட்ஜஸ்ட்’ வரியில் 94%, 107% என்பதுபோல விழுக்காடு கொடுத்து, ஒரு பத்தி இரண்டிலும் ஒரே இடத்தில் மடியும்வரை சரிசெய்யுங்கள். லோக்கல் வேண்டாம் என்று மேலே சொன்னோமே, அதற்கு விலக்கு இங்கே மட்டும். தமிழுக்கு விண்டோஸில் நிர்மலா யூஐ, ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை ஏற்கெனவே இருப்பதால் மாற்றாக அவற்றை வைத்துக் கணக்கிடலாம்.

கேள்வி: தடித்த எழுத்துகள் மை கசிந்ததுபோல அடைத்துக்கொண்டு தெரிகின்றன.

பதில்: அது உங்கள் எழுத்துருவின் தடித்த வடிவமே அல்ல. தடித்த கோப்பு கிடைக்காததால் உலாவி சாதாரண எழுத்தைத் தானே ஊதிப் பெருக்கிக் காட்டுகிறது. ணகர, னகரச் சுழிகள் இதில் மூடிப்போகும். சாதாரணத் தடிமனான 400-க்கு ஒரு விதி, தடித்த 700-க்கு இன்னொரு விதி என்று எழுதுங்கள். இரண்டிலும் ஃபான்ட்-ஃபேமிலி பெயர் ஒன்றாகவே இருக்க வேண்டும், ஃபான்ட்-வெயிட் எண்ணும் கோப்பும் மட்டும் மாறும். ஒரே கோப்பில் பல தடிமன்களைக் கொண்ட வேரியபிள் எழுத்துருவாக இருந்தால் ஒரே விதியில் ‘100 900’ என்று எல்லையைக் கொடுத்தால் போதும். அந்த எல்லையை எழுத மறந்தால், ஒரே கோப்பில் எல்லாத் தடிமனும் இருந்தும் போலித் தடிப்புதான் கிடைக்கும்.

கேள்வி: கோப்பின் அளவைக் குறைக்கத் தேவையற்ற எழுத்துகளை நீக்கினோம். இப்போது ‘கு’, ‘மு’ எல்லாம் உடைந்து வருகின்றன.

பதில்: எழுத்துகளை மட்டும் எண்ணி வெட்டியிருக்கிறீர்கள். யூனிகோடில் ‘கு’ என்பதற்குத் தனி இடம் கிடையாது. ககரமும் உகரக் குறியும் அடுத்தடுத்து நிற்கும். அவை சேர்ந்தால் எந்த வடிவத்தைப் போட வேண்டும் என்பது எழுத்துருவுக்குள் இருக்கும் ஜிசப் அட்டவணையில் எழுதியிருக்கிறது. ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ ஆகியவையும் அதை நம்பித்தான் இருக்கின்றன. வெட்டும் கருவி அந்த அட்டவணையை எறிந்துவிட்டால் மெய்யும் குறியும் ஒட்டாமல் நிற்கும். ஃபான்ட்டூல்ஸில் ‘லேயவுட்-ஃபீச்சர்ஸ்’ விருப்பத்துக்கு நட்சத்திரக் குறி கொடுத்து எல்லாவற்றையும் காப்பாற்றுங்கள்.

தமிழ்ப் பகுதிக்கு யூனிகோடில் 128 இடங்கள்தாம் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அதற்குள் கைவைத்துச் சேமிக்கப்போவது அற்பம். அதை முழுதாக விட்டுவிட்டு, இணைப்பான், இணைப்பு விலக்கி என்ற கண்ணுக்குத் தெரியாத இரு குறிகளையும் புள்ளி வட்டத்தையும் சேர்த்து வையுங்கள். இலத்தீன் எழுத்துகளைத் தனிக் கோப்பாக்கி ‘யூனிகோட்-ரேஞ்ச்’ வரியால் பிரித்துவிட்டால், பக்கத்தில் எது தேவையோ அதுமட்டும் இறங்கும்.

கேள்வி: கூகுள் ஃபான்ட்ஸ் சேவையிலிருந்து நேரடியாக இணைப்பதா, நம் சர்வரில் வைப்பதா?

பதில்: உங்கள் சர்வரிலேயே வையுங்கள். ‘வேறொரு தளத்தில் ஏற்கெனவே இறங்கியிருக்கும், நமக்கு விரைவாக வரும்’ என்ற பழைய வாதம் இன்று செல்லாது. குரோம் 2020-இலிருந்து தற்காலிகச் சேமிப்பைத் தளம் வாரியாகப் பிரித்துவிட்டது. பார்ப்பவரின் ஐபி முகவரி வெளிச் சேவைக்குப் போவதும் ஒரு சிக்கல்; அதற்காக மியூனிக் நீதிமன்றம் ஒன்று 2022 ஜனவரியில் ஒரு தள உரிமையாளரை 100 யூரோ இழப்பீடு தரச் சொன்னது.

ஆனால் உரிமத்தைப் படித்துவிட்டு ஏற்றுங்கள். கணினியில் தட்டச்சு செய்ய வாங்கிய உரிமம் இணையத்தில் பரிமாற அனுமதி தருவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவற்றைத் தளத்தில் வைக்கலாம். வெட்டிச் சுருக்கினால் மட்டும், மாற்றிய பிரதிக்கு வைக்கக் கூடாதென ஒதுக்கப்பட்ட பெயர் ஏதேனும் உரிமத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பெயரை மாற்றுங்கள்.

கேள்வி: ஒரே கோப்புதான். ஆனாலும் மேக்கில் எழுத்து சற்றுக் கனமாகவும், பொத்தானுக்குள் மேலே ஏறியும் தெரிகிறது.

பதில்: கனம் மாறுவது இயங்குதளம் எழுத்தை வரையும் முறையால். அதை முழுதாக ஒன்றாக்க முடியாது, அதற்காக மெனக்கெட வேண்டாம். உயரம் மாறுவதைச் சரிசெய்யலாம். எழுத்தின் மேல்-கீழ் அளவுகள் ஒரே கோப்புக்குள் மூன்று இடங்களில் பதிவாகியிருக்கும். மேக் ஒன்றைப் படிக்கும், விண்டோஸ் இன்னொன்றைப் படிக்கும். மூன்றும் ஒத்துப்போகாத எழுத்துருவில்தான் இந்த ஏற்ற இறக்கம். எழுத்துருவைத் திருத்த உரிமம் இடம் தந்தால் மூன்றையும் சமமாக்குங்கள். இல்லாவிட்டால் லைன்-ஹைட்டை இயல்பு மதிப்பில் விடாமல் எண்ணாகக் கொடுங்கள். வரி இடைவெளியாவது எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும். தமிழுக்கு 1.6-இலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

கேள்வி: பக்கம் முழுக்கச் சரி. தேடல் பெட்டியிலும் பொத்தான்களிலும் மட்டும் எழுத்துரு மாறவில்லை.

பதில்: படிவ உறுப்புகள் பக்கத்தின் எழுத்துருவைத் தாமாக எடுத்துக்கொள்வதில்லை. இன்புட், பட்டன், செலக்ட், டெக்ஸ்ட்ஏரியா நான்குக்கும் ‘ஃபான்ட்: இன்ஹெரிட்’ என்று ஒரு வரி எழுதுங்கள்.